மூன்றாம் ஓலைக்கு முன்

தம்பி,

‘கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு’ என்று தொடங்குவதுதான் நம் குடும்பத்து வழக்கம். அப்படித் தொடங்கிவிட்டு, உள்ளே எல்லாரும் சுகம் என்று எழுதி முடித்துவிடுகிற பழக்கமும் நம் குடும்பத்தில் உண்டு. இந்தக் கடிதத்தில் கர்த்தரை இழுக்கவேண்டாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சாயங்காலம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பூகோளத் தாள் நாற்பத்திரண்டு மேஜைமேல் கிடக்கின்றன. நேற்றே திருத்தியிருக்கவேண்டும். இதை எழுதாமல் அதில் கை போகவில்லை.

நேற்று உன் கலியாணத்துக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். நீ வரவில்லை. ரங்கூன் ஆற்றுக்கு அந்தப்புறம் நீ தங்கியிருக்கிற சிரியத்தில் எண்ணெய்க் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது என்று யாரோ கேட்டதற்கு நானே பதில் சொன்னேன். போதகர் உன் பெயரையும் எஸ்தரின் பெயரையும் வாசித்து, இவர்கள் சேர்வதற்கு ஏதாவது தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்கிற நேரம் காத்திருந்தார். பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் நான் தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் நூல் பிரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி எஸ்தரின் கொண்டை தெரிந்தது. அதற்கு முந்திய ஞாயிறும் இதே கேள்வி, இதே நூல், இதே கொண்டை. மூன்று தடவை எதற்காகக் கேட்கிறார்கள் என்று இத்தனை வருஷம் நான் யோசித்ததில்லை. தெரிந்தவர்கள் முதல் இரண்டு தடவை வாய் திறக்கமாட்டார்கள் என்பது பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனி மாதத்து மழையில் ஒரு நாள் நீ இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என்னிடம் ஒன்று கேட்டாய். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது. “அம்மா, நீங்க எதையும் நல்லா விசாரிச்சுத்தான் செய்வீங்க. குடியை விடறவங்க கூடற எடம் ஏதாவது இருந்தாப் பாத்துச் சொல்லுங்களேன். பாட்டுப் பாடற கூட்டம் மட்டும் வேண்டாம்” என்றாய். கடைசியில் சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மூன்று மாதமாக என்ன தேடினேன், என்ன கிடைத்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நடுவில் நீ கேட்காத சில விஷயங்களும் வரும். பொறுத்துக்கொள்.

முதலில் நம் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குத்தான் போனேன். பாட்டுப் பாடுகிற கூட்டம்தான், தெரியும். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்தில் தேடக்கூடாது என்று போனேன். மண்டபத்தில் சுமார் நாற்பது பேர் இருந்தார்கள். ஆசிரியைகள், உபதேசியாரின் குடும்பம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வரிசை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. நோயாளி இல்லாத ஆஸ்பத்திரிபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது. கூட்டம் முடிந்து செயலாளர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க மகன் பன்னெண்டு வயசுல குடிக்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்ட அட்டை இன்னும் உங்க வீட்டுல மாட்டியிருக்கில்ல? அந்த மாதிரிப் பிள்ளைங்கதான் நமக்குச் சாட்சி” என்றார். ஆமாம் என்றேன்.

அந்த அட்டையை நேற்று இறக்கிவிட்டேன். சுவரில் அதன் அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கிறது. நீ வரும்போது பார்த்துப் பயப்படாதே. உன்னைச் சபைக்கு முன்னால் நிறுத்தி, வேதப் புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொல்லி, ‘ஜீவனுள்ள நாளெல்லாம்’ என்று சொல்லவைத்தது நான்தான். சாராயம் எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூட உனக்கு அப்போது தெரியாது. பி.ஏ. வரை தர்க்க சாஸ்திரம் படித்தவள், தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவன் செய்கிற சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எனக்கு அப்போது பயம் மட்டும்தான் இருந்தது. பயத்துக்குச் சட்டம் போட்டுக் கட்டிலுக்குமேல் மாட்டினேன். முதல் தடவை குடித்துவிட்டு வந்து அந்தக் கட்டிலில் படுத்தபோது நீ அதைப் பார்த்திருப்பாய். அதற்குப் பிறகு என்னிடம் வந்து சொல்ல உனக்கு எப்படி வாய் வரும்?

அடுத்தது ஒரு பெரிய மண்டபத்தில் ஆங்கிலப் பிரசங்கம். ஒரு டாக்டர் விளக்கு வைத்துத் திரையில் படம் காட்டினார். நல்லவன் ஈரல், குடிப்பவன் ஈரல் என்று இரண்டு படம். பின் வரிசையில் யாரோ, “நல்லவனோடது சமைச்சா ருசியா இருக்கும்” என்று தமிழில் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு ஒரு மனிதனின் படம் வந்தது. கைகால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக, கண் மஞ்சளாக வர்ணம் தீட்டியிருந்தார்கள். நான் எழுந்து வெளியே வந்து டிராம் ஏறாமல் வீடுவரைக்கும் நடந்தேன்.

உன் அப்பா காய்ச்சலில் சாகவில்லை. அந்தப் படத்தில் இருந்த மாதிரிதான் இருந்தார். உனக்கு எட்டு வயது. உன்னைப் பள்ளி விடுதியில் விட்டிருந்தேன். கடைசி இரண்டு மாதம் அவரைப் பார்க்க உன்னை நான் அனுமதிக்கவில்லை, தொற்றிக்கொள்ளும் என்று சொன்னேன். அடக்கத்துக்குப் பதிவு செய்யும்போது என்ன நோய் என்று கேட்டார்கள். காய்ச்சல் என்றேன். என் வாயில் அது தானாக வந்தது, ஏனென்றால் அதற்கு முன் எட்டு வருஷமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாதபோதெல்லாம் லீவு கடிதம் நான் எழுதுவேன். என் ஆங்கிலம் அவர் ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்கும், கையெழுத்தும் அப்படித்தான். அவருடைய துரை ஒரு தடவை, உன் மனைவி எழுதுகிற கடிதத்தைப் படிக்கவாவது நீ அடிக்கடி காய்ச்சலில் விழலாம் என்று சொன்னாராம். அதை அவர் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் இரண்டாம் வருஷமே அவருக்கு வேலை போயிருக்கும். போயிருந்தால் ஒருவேளை உயிர் போயிருக்காது. ஒருவேளைதான். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததுபோல எழுத மாட்டேன்.

உனக்காக உன் ஆபீஸுக்கு எழுதியது ஐந்து லீவு கடிதம். ஐந்திலும் காய்ச்சல். கடைசியாகப் போன செவ்வாய்க்கிழமை. முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானம் சிநேகிதர்கள் விருந்து என்று போனாய். திங்கட்கிழமை முழுதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். செவ்வாய் காலையில் உன் கை தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவில்லை. நீ கேட்கவேயில்லை, நானே பேனாவை எடுத்தேன்.

நம் வீட்டுச் சொந்தக்காரி டோ மியா கீழே இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அன்று மாடிப்படியில் என்னை நிறுத்தி பர்மாப் பேச்சில் சொன்னாள்: “டீச்சர் ஸயாமா, உங்க ஜனங்க சத்தியம் பண்ணினா ஆயுசு முழுக்கப் பண்ணறீங்க. எங்க மனுசங்க விரத நாளைக்கு ஒரு நாள்தான் சீலம்னு சத்தியம் எடுப்பாங்க. ஒரு நாள்னா ஆம்பளையாலகூட முடியும்.”  அட்டையில் இருந்த ‘ஜீவனுள்ள நாளெல்லாம்’ அப்போது ஞாபகம் வந்தது.

இந்த ஊரிலேயே அலோன் பேட்டையில் நீ கேட்ட மாதிரி ஓர் இடம் இருப்பதாக எனக்குச் சொன்னது எங்கள் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் முனுசாமி. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவன் கேட்டுக்கு வெளியே விழுந்து கிடந்து, அவனைத் தாண்டிக்கொண்டு பிள்ளைகள் உள்ளே வந்ததுண்டு. வேலையைவிட்டு நீக்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. எப்படியோ பிழைத்துக்கொண்டான். இப்போது சனிக்கிழமை நாலரை மணி ஆனால் சாவியை மாற்றாளிடம் கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுகிறான். அவனிடம் போய்க் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. உன் லீவு கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்றுதான் கேட்டேன். பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, வேறு யாருக்கோ வேண்டும் என்கிற மாதிரிக் கேட்டேன்.

“யாருக்குங்க டீச்சரம்மா?”

“தெரிந்தவர்களுக்கு.”

அவன் மணிக்கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “தெரிஞ்சவங்களுக்குன்னா சரிதான். அலோன்ல அரிசிக் கிட்டங்கிக்குப் பின்னால உக்காருவோம். ஆத்தோரம். ஆனா அங்க நாக்காலி கெடையாது, சொல்லிட்டேன்” என்றான்.

“பிரசங்கம் உண்டா?”

“பிரசங்கம் பண்ணத் தெரிஞ்சவன் எவனும் இன்னும் வரலீங்க.”

சனிக்கிழமை சங்கு ஊதுகிற நேரத்துக்குப் போனேன். நான் எதை நினைத்து நடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டை தூக்குகிறவர்களோடு என் மகன் உட்காருவதா என்று நினைத்தேன். அவன் மெட்ரிகுலேஷன் தேறியவன், டை கட்டுகிறவன், இவர்கள் நடுவில் என்ன பேசுவான் என்று நினைத்தேன். இதே மகனைத்தான் போன வருஷம் சிரியத்துப் படகுத்துறை ஜெட்டியிலிருந்து இரண்டு மூட்டைக்காரர்கள் தோளில் போட்டு லாஞ்சில் ஏற்றிவிட்டார்கள் என்பது பாதி வழியில் நினைவு வந்தது. அவர்கள் யார் என்றுகூட நாம் விசாரிக்கவில்லை.

அரிசி மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் தகரக் கூரை இறக்கிய ஒரு சாய்ப்பு. சாக்கு விரித்திருந்தார்கள். பதினைந்து பதினாறு பேர். பெரும்பாலும் நம் ஆட்கள், இரண்டு தெலுங்கர், ஒரு பர்மாக்காரன். நடுவில் மூன்று கல் வைத்து, கரி படிந்த பெரிய கெட்டிலில் டீத்தண்ணி கொதித்தது. வேலை விடுகிற சங்குக்கும் சாராயக் கடை அடைக்கிற நேரத்துக்கும் இடையில் எங்கேயாவது உட்காரவேண்டும், அதனால் இங்கே உட்காருகிறார்கள். அவ்வளவுதான் அந்தக் கூட்டத்தின் தத்துவம். அதைவிட நியாயமான தத்துவத்தை நான் மதராஸ் காலேஜிலும் கேட்டதில்லை. கப்பலில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிற சின்னையா என்பவர்தான் அங்கே பேச்சை எடுத்துக்கொடுக்கிறார். ஐம்பது வயது இருக்கும், இடது கையில் இரண்டு விரல் இல்லை.

நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: “டீச்சரம்மா, இங்க உக்காந்தாச் சொல்லணும். கடைசியா எப்ப?”

“நான் குடிப்பதில்லை.”

“அப்ப யாரு?”

“என் மகன்.”

“மகனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?”

“இல்லை. இடம் எப்படி என்று முதலில் பார்த்துவிட்டு…”

ஒரு சிறிய சிரிப்பு ஓடியது. சின்னையா சிரிக்கவில்லை. “வேடிக்கை பாக்கணும்னா அந்தா, ஜெட்டிப் பக்கம் எடமிருக்குங்க. கப்பல் நல்லாத் தெரியும். இங்க உக்காந்தா சொல்லிட்டுத்தான் உக்காரணும். நாங்க யாரையும் கூட்டிட்டும் வரமாட்டோம். கூட்டிட்டு வந்தவன் எவனும் ரெண்டாவது வாரம் வந்ததில்ல.”

எழுந்து போயிருக்கவேண்டும். எனக்கு முழங்கால் வலித்தது, அதனால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. அதற்குள் அவர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் பதினொரு மாதம் என்றான். ஒருவன் மூன்று வாரம் என்றான். முனுசாமி என்னைப் பார்க்காமல், ரெண்டு வருசம் ஒரு மாசம் என்றான். யாரும் கை தட்டவில்லை, ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஒல்லியான ஒருத்தன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நேத்து” என்றான்.

“நேத்தா? அப்ப கெட்டிலை நீ எடு” என்றார் சின்னையா.

அங்கே அதுதான் வழக்கம். யார் கடைசியாகக் குடித்தானோ அவன்தான் அன்றைக்கு எல்லாருக்கும் டீ ஊற்றவேண்டும். அவன் எழுந்து கெட்டிலைத் தூக்கினான். கை அப்படி ஆடியது. மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. முதல் ஆளின் காலில் சிந்த, அவன் துள்ளி, “அடேய், வாய் மேல இருக்குடா, பாதத்துல ஊத்தறியே!” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள், ஊற்றுகிறவனும் சிரித்தான். நான் பழக்கத்தில் எட்டி அந்தக் கெட்டிலைப் பிடிக்கப் போனேன். பக்கத்திலிருந்த தெலுங்குக்காரர் என் கையைத் தொடாமல் தடுத்து, “கெட்டில் பட்டுகோகூடாது அம்மா, புடிக்கக்கூடாது. க்ளாஸ் நகத்தலாம்” என்றார். அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொருவனும் தன் தம்ளரைத் தூக்கி, கெட்டிலின் மூக்கு எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் நகர்த்தி நகர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். பாதி டீ சாக்கில் போயிற்று. ஊற்றி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவன் கெட்டிலை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை.

என் முறை வந்தது. சின்னையா என் பக்கம் திரும்பினார். இருபத்தைந்து வருஷமாக என் கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததை, அநேகமாகப் பெயர் தெரியாத பதினாறு ஆண்களுக்கு நடுவில் சாக்கின்மேல் உட்கார்ந்து சொன்னேன். “நான்கு நாளைக்கு முன். என் மகனுக்குக் காய்ச்சல் என்று அவன் ஆபீஸுக்கு எழுதினேன். அவனுக்குக் காய்ச்சல் இல்லை.”

“எத்தனை வருசமா இருக்கு இந்தப் பழக்கம்?”

“முதலில் என் வீட்டுக்காரருக்கு. இருபத்தைந்து வருஷம் இருக்கும்.”

“யப்பாடி!” என்றார் சின்னையா. “இங்க எவனுக்கும் அவ்வளவு சர்வீஸ் கெடையாது. டேய், டீச்சரம்மாவுக்கு நல்ல தம்ளரா குடுங்கடா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மனிதர்கள் சரியாக என்ன செய்கிறார்கள், அதனால் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. போன வருஷம் வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை என்று முனுசாமியே சொன்னான். ஒருவன் ஆற்றில் விழுந்து செத்தானாம். இதை நான் உன்னிடம் மறைக்கவில்லை. இடத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னாய், பார்த்ததைச் சொல்கிறேன். நாற்காலி இல்லை, பாட்டு இல்லை, கொசு உண்டு, டீ மோசம். ரங்கூனில் நான் பார்த்தவரையில் குடிக்கிறவர்கள் இருக்கிற கூட்டம் அது ஒன்றுதான்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது நல்ல தாயின் கடிதமாக இருந்திருக்கும். ஆனால் அதற்கு மறுநாள்தான் நேற்று.

ஆராதனை முடிந்து எஸ்தர் என்னைத் தேடிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். உனக்காக ஊறுகாய் போட்டு ஒரு ஜாடியில் எடுத்துவந்திருந்தாள். “அத்தை, அவங்களுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு? அப்பா சொன்னாங்க, ரெண்டு நாள் ஆபீஸ் போகலையாமே” என்றாள். அவளுக்கு இருபது வயது. முகத்தில் கேள்வியைத் தவிர வேறொன்றும் இல்லை. நான், “குறைஞ்சிருக்கும்மா, இந்த ஊர்த் தண்ணி அப்படி” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள், “கொதிக்கவெச்சுக் குடிக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். பொய்யை விட்டு ஐந்தாம் நாளே என் விரதம் முறிந்துவிட்டது, தம்பி. உன்னை இனிமேல் எந்த வாயால் கேட்பேன், ஒரு வாரம்கூட உன்னால் இருக்க முடியவில்லையா என்று?

எனக்கும் இப்படித்தான் நடந்தது. ரங்கூனிலிருந்து உன் அப்பாவுக்குப் பெண் கேட்டு வந்த கடிதம் என் மாமியார் எழுதியது. பையன் தங்கமான குணம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்று எழுதியிருந்தார்கள். ஞாயிறு போனது உண்மைதான். எனக்கும் மூன்று ஓலை வாசித்தார்கள். மாமியார் கப்பலேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் அப்பா போனபிறகு ஒரு நாள் நான் அவர்களைக் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா என்று. “கல்யாணமானாச் சரியாயிடும்னு நெனச்சேன்மா. நீ படிச்சவ, எப்படியாவது சமாளிப்பேன்னு நெனச்சேன்” என்று அழுதார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஆனால் எஸ்தரை உனக்குப் பார்த்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கலியாணமானால் சரியாகிவிடுவான். கெட்டிக்காரப் பெண், எப்படியாவது சமாளிப்பாள். அதே இரண்டு வாக்கியம், வரிசைகூட மாறவில்லை.

தெரிந்தே அவள் உன்னைக் கட்டிக்கொள்ள வந்தால் வரட்டும். எத்தனையோ பெண்கள் தெரிந்தே வருகிறார்கள், அது அவர்கள் பாடு. வேண்டாம் என்று போனால் உனக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கும், சபையில் ஒரு மாதம் பேசுவார்கள். அதையெல்லாம் நான் பார்த்தவள்தான். ஆனால் தெரியாமல் அவள் வரக்கூடாது. நானே போய் அவளிடம் சொல்லிவிடலாம் என்று நேற்றுச் சாயங்காலம் புடவை மாற்றிக்கொண்டு வாசல்வரைக்கும் போனேன். திரும்பிவிட்டேன். அது மறுபடியும் உன் கெட்டிலை நான் பிடிப்பதாகிவிடும். நீதான் சொல்லவேண்டும். அழகாகச் சொல்லவேண்டியதில்லை. சிந்தினால் சிந்தட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. போதகர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கும்போது நான் இந்தத் தடவை பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கப்போவதில்லை. நான்காம் வரிசையில் உட்காராமல் முன்னால் போய் எஸ்தரின் பக்கத்தில் உட்காருவேன், அவள் முகம் தெரிகிற மாதிரி. நீ அவளிடம் சொல்லியிருக்கிறாயா இல்லையா என்று அந்த முகத்தில் தெரிந்துவிடும். நாற்பத்தெட்டு வயதுவரை பொய் எழுதினவளுக்கு அதுகூடத் தெரியாமல் போகாது. சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். சொல்லவில்லை என்றால் எழுந்து நிற்பேன். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. எனக்கு முழங்கால் வலி, கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவது எனக்கு எவ்வளவு பிடிக்காது என்பதும் உனக்குத் தெரியும். என்னை எழுந்திருக்க வைத்துவிடாதே.

இனி லீவு கடிதம் எழுத மாட்டேன். உன் துரைக்கு நீயே எழுது, உள்ளதை எழுது, இல்லாவிட்டால் எழுதாமல் இரு. வேலை போனால் இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு. காய்ச்சல் மட்டும் கிடையாது.

சனிக்கிழமை மத்தியான லாஞ்சில் நீ ஏறினால் சங்கு ஊதுவதற்குள் அலோன் வந்து சேரலாம். ஜெட்டியிலிருந்து ஆற்றோரமாகவே நட, மூன்றாவது கிட்டங்கிக்குப் பின்னால் புகை தெரியும். டை வேண்டாம். உன்னைக் கூட்டிப்போக நான் எங்கேயும் காத்திருக்கமாட்டேன், அது அவர்கள் விதி. ஆனால் நான் அங்கே இருப்பேன். கடைசியாக எப்போது என்று கேட்டால், ‘ஞாயிற்றுக்கிழமை, வேப்பமரத்தடியில்’ என்று சொல்வேன். அன்றைக்குக் கெட்டில் அநேகமாக என் கையில்தான் இருக்கும். வருகிறவன் தம்ளரை நகர்த்திப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. உன் கடைசித் தடவை என்னுடையதைவிடப் பிந்தியதாக இருந்தால், வெட்கப்படாமல் வந்து கெட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொள்.

அம்மா